வண்டி குலுங்கினால் தக்காளி நசுங்கும்

லோடு வண்டியின் ஷாக் அப்சார்பர் பற்றிச் சிறு விவசாயிகள் அறிய வேண்டியவை

மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்கு விடியுமுன்பே லோடு வண்டிகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர், வாடிப்பட்டி, மேலூர் வட்டாரங்களிலிருந்து தக்காளி, கத்தரி, வெண்டை, வாழை எனப் பலவகை விளைபொருள்கள் இவற்றில் வருகின்றன. உழவு, உரம், மருந்து, பறிப்புக் கூலி என எல்லாச் செலவும் செய்து முடித்த பிறகு, கடைசி நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் பொருள் அடிபட்டுவிட்டால் அதுவரை பட்ட பாட்டில் ஒரு பங்கு வீணாகிறது. மண்டியில் நசுங்கிய பெட்டிக்கு விலை குறைகிறது. உழவர் சந்தையில் வாடிக்கையாளர் தம் கையாலேயே நல்ல காயைப் பொறுக்கிக்கொண்டு, அடிபட்டதை விவசாயியிடமே விட்டுச் செல்கிறார். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில்தான் திறக்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாத சந்தையில் லாபம் விவசாயிக்கே சேரும். வழியில் ஏற்படும் சேதமும் அவர் தலையிலேயே விழும்.

லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப் பின்சார் பொறியியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2015-ஆம் ஆண்டில் வெளியாயின. அறுவடை முதல் சில்லறை விற்பனை வரையிலான இழப்பு தக்காளியில் 12.44 சதவீதம், கொய்யாவில் 15.88 சதவீதம் என அதில் மதிப்பிடப்பட்டது. இந்த இழப்பு முழுவதும் வண்டியில் ஏற்படுவதன்று. பறிப்பு, தரம் பிரிப்பு, இருப்பு வைத்தல் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். ஆயினும் வழியில் ஏற்படும் குலுக்கல் விவசாயி தம் கையாலேயே குறைத்துக்கொள்ளக்கூடிய இழப்பாகும். அதற்கு வண்டியின் அடியில் உள்ள பட்டை, ஷாக் அப்சார்பர், டயர் ஆகிய மூன்றின் வேலையையும் தெரிந்துகொள்வது அவசியம்.

கட்டை வண்டி முதல் குட்டியானை வரை

நமது முன்னோர் பயன்படுத்திய கட்டை வண்டியில் மரச் சக்கரமும் இரும்புப் பட்டாவும் அச்சுமே உண்டு. சாலையின் ஒவ்வொரு கல்லும் நேராக வண்டித் தட்டுக்கு வரும். நெல் மூட்டைக்கும் எருவுக்கும் அதனால் கேடில்லை. வசதியுள்ளவர்கள் ஊருக்குப் போய்வர வில் வண்டி வைத்திருந்தனர். அச்சுக்கும் தட்டுக்கும் இடையே எஃகுப் பட்டைகளை வளைத்துப் பொருத்தியதால்தான் அதற்கு வில் வண்டி என்று பெயர். பின்னர் ரப்பர் டயர் பொருத்திய டயர் வண்டி வந்தது. காற்றடைத்த டயரை 1888-இல் டன்லப் உருவாக்கியதன் பயன், காலம் கடந்தாலும், மாட்டு வண்டி வரைக்கும் வந்து சேர்ந்தது.

2005-இல் டாடா நிறுவனம் 'ஏஸ்' என்ற சிறிய லோடு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் மக்கள் அதற்குக் குட்டியானை என்று பெயரிட்டனர். 2011-இல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' ஓசூரிலிருந்து வந்தது. இவற்றுடன் பிக்கப் வண்டிகளும் சேர்ந்து இன்று கிராமத்துச் சந்து வரை நுழைகின்றன. பத்து, பதினைந்து பெட்டி காய் உள்ள விவசாயிக்கும் நகரத்து மார்க்கெட் எட்டக்கூடியதாகிவிட்டது. இந்த வண்டிகளில் பின்பக்கத்துப் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் வில் வண்டியில் இருந்த அதே பட்டை வில்தான். அதனுடன் புதிதாகச் சேர்ந்தது ஷாக் அப்சார்பர் ஆகும்.

பட்டை தாங்கும், ஷாக் அப்சார்பர் அடக்கும்

பலரும் ஷாக் அப்சார்பர்தான் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது என்று எண்ணுகின்றனர். இது சரியன்று. பாரத்தைத் தாங்குவது பட்டை. சக்கரம் மேட்டில் ஏறும்போது பட்டை வளைந்து அந்த உதையை வாங்கிக்கொள்கிறது. வளைந்த பட்டை மீண்டும் நிமிரும். நிமிர்ந்ததும் நிற்காமல் மறுபடி வளையும். ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் அது பலமுறை ஆடுவது போல, ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி பல தடவை எழும்பி விழும். இந்த ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை.

அதன் உள்ளமைப்பு எளியது. ஒரு குழாயில் எண்ணெய் இருக்கும். அதனுள் சிறு துளைகள் கொண்ட ஒரு பிஸ்டன் மேலும் கீழும் நகரும். எண்ணெய் அத்துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் ஆட்டம் தளர்கிறது. ஆட்டத்தின் விசை எண்ணெயில் சூடாக மாறி வெளியேறுகிறது. எண்ணெய் கசிந்துவிட்டாலும், உள்ளே உள்ள வால்வு தேய்ந்துவிட்டாலும், வெளியே குழாய் மட்டும் தொங்கும், வேலை நடக்காது.

பல பட்டைகளை அடுக்கிய வில்லில் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதாலும் ஆட்டம் ஓரளவு குறையும். ஆனால் துருவும் சேறும் ஏறிப் பட்டைகள் ஒட்டிக்கொண்டால் அவை வளையாமல் ஒரே கட்டையாகிவிடும். அப்போது வில் வண்டி மறுபடியும் கட்டை வண்டியாகிறது.

அரைப் பாரம் அதிகம் குலுங்கும்

சிறு விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய செய்தி இது. லோடு வண்டியின் பட்டை முழுப் பாரத்தைத் தாங்குவதற்கேற்ற கெட்டியுடன் செய்யப்படுகிறது. வண்டி காலியாகவோ அரைப் பாரத்துடனோ போகும்போது அந்தப் பட்டை தேவைக்கு மேல் விறைப்பாக இருக்கும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். முழுப் பாரத்தில் பின் பட்டைகளின் மேல் 1,050 கிலோ நிற்பதாகவும், காலியாக இருக்கும்போது 350 கிலோ நிற்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரே பள்ளம் பட்டையை ஒரே அளவு வளைக்கும்போது மேலே தள்ளும் விசையும் ஒன்றே. அந்த விசை மூன்றில் ஒரு பங்கு எடையைத் தள்ளுவதால் அதை ஏறக்குறைய மும்மடங்கு வேகமாகத் தூக்கி எறிகிறது. வண்டி ஆடும் தடவையும் கூடுகிறது. முழுப் பாரத்தில் விநாடிக்கு 2 முறை ஆடும் வண்டி, காலியாக இருக்கும்போது விநாடிக்கு 3.5 முறை ஆடும்.

பத்துப் பெட்டித் தக்காளியைத் தனியாக ஒரு வண்டியில் அனுப்பும் விவசாயி, பெட்டிக்கு அதிக வாடகை கொடுப்பதுடன் அதிகச் சேதத்தையும் ஏற்கிறார். அதே ஊரில் மூன்று, நான்கு பேர் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட அளவு வரை பாரம் ஏற்றினால் வாடகையும் பங்காகும், குலுக்கலும் குறையும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் உழவர் குழுக்களும் தங்கள் பகுதியில் இதற்கு ஒரு நாள் முறை வகுத்துக்கொள்ளலாம். கூட்டு ஏற்றுமதிக்கு வழியில்லாத நாளில், தேங்காய், பூசணி போன்ற எடையுள்ள, அடிபடாத பொருளைத் தக்காளியுடன் சேர்த்து ஏற்றுவது நல்லது. ஆனால் அவற்றைத் தக்காளிப் பெட்டியின் மேல் வைக்கக் கூடாது.

சாலையும் வேகமும்

மதுரையைச் சுற்றிலும் உள்ள சாலைகள் ஒரே தன்மையுடையவை அல்ல. திண்டுக்கல்லிலிருந்து மதுரை வழியாக விருதுநகர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 நான்கு வழிச் சாலை. கொச்சியிலிருந்து தேனி, உசிலம்பட்டி, மதுரை, சிவகங்கை வழியாகத் தொண்டி செல்வது தேசிய நெடுஞ்சாலை 85. ஆயினும் பொருள் முதலில் தோட்டத்திலிருந்து கண்மாய்க்கரைப் பாதையிலும் கிராமச் சாலையிலும் வந்தாக வேண்டும். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல் மண் அதிகம். கரிசல் மழையில் ஊறிப் பருத்து, கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட தார்ச்சாலை குழி விழாவிட்டாலும் அலை அலையாக எழும்பித் தாழ்கிறது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இந்தச் சாலையில் வண்டி தொட்டில் போல ஆடும்.

அத்தகைய சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வண்டி அதிகமாகக் குதிப்பதை ஓட்டுநர்கள் அறிவார்கள். அதற்குக் காரணம் உண்டு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி விநாடிக்கு 16.7 மீட்டர் கடக்கிறது. 8 மீட்டருக்கு ஒரு மேடு இருந்தால் விநாடிக்கு 2 உதை விழும். வண்டியும் விநாடிக்கு 2 முறை ஆடும் இயல்புடையதானால், ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளுவது போல ஒவ்வொரு உதையும் ஆட்டத்தைப் பெருக்கும். வேகத்தை 45 கி.மீ. ஆகக் குறைத்தால் விநாடிக்கு ஒன்றரை உதைதான் விழும். ஆட்டம் தானே தணியும். ஷாக் அப்சார்பர் நன்றாக இருந்தால் இந்தப் பெருக்கம் கட்டுக்குள் இருக்கும். அது கெட்டுப்போனால் பெட்டிகள் தட்டை விட்டே எழும்பும்.

வேகத்தடையிலும் கவனம் தேவை. இந்திய சாலைக் கூட்டமைப்பின் விதிப்படி அமைத்த வளைவான வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. அதை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். ஊருக்குள் பல இடங்களில் உள்ள குறுகலான, செங்குத்தான தடைகளுக்கு அந்த வேகமும் அதிகம். நடை வேகத்தில் ஏறி இறங்குவதே உகந்தது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

குலுக்கலில் பழம் மூன்று வகையில் அடிபடுகிறது. அடியடுக்குப் பழம் மேலுள்ள பாரத்தால் நசுங்குகிறது. நடுவில் உள்ளது பெட்டியின் விளிம்பிலும் பக்கத்துப் பழத்திலும் மோதுகிறது. மேலடுக்குப் பழம் ஒவ்வொரு குலுக்கலிலும் எழும்பி, சுழன்று, உராய்ந்து தோல் சிராய்கிறது. 1960-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் பழ லாரிகளை ஆராய்ந்தபோது, குலுக்கலின் சேதம் மேலடுக்கிலேயே மிகுதி எனக் கண்டனர். அடுக்கி வைத்த பெட்டிகளிலும் உச்சியில் உள்ள பெட்டியே அதிகம் ஆடுகிறது. சிராய்ப்பு மார்க்கெட்டில் இறக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். மறுநாள் அந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும்.

செலவில்லாத திருத்தங்கள் முதலில்

புதிய ஷாக் அப்சார்பர் வாங்குமுன் கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்க வேண்டும்.

டயர் காற்று: சாலையின் சிறு கற்களையும் வெடிப்புகளையும் வாங்கிக்கொள்வது டயர்தான். அளவுக்கு மேல் காற்று அடித்தால் டயர் கல்லாகிவிடும். வண்டியுடன் வந்த கையேட்டில் முன், பின் டயர்களுக்கு உரிய காற்றழுத்தம் குறிப்பிட்டிருக்கும். காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். மெத்தென்று இருக்கட்டும் என்று அளவுக்குக் கீழே குறைப்பது ஆபத்து. பாரத்துடன் ஓடும்போது டயர் சூடாகி வெடிக்கும்.

ஏற்றும் இடம்: தட்டில் எல்லா இடமும் ஒரே அளவு குலுங்குவதில்லை. பின் அச்சுக்கு அப்பால் நீண்டிருக்கும் வால் பகுதியே அதிகம் எறியும். கேபினை ஒட்டிய முன் பகுதி சாந்தமானது. எனவே தக்காளி, பப்பாளி, கொய்யா ஆகியவற்றைக் கேபினை ஒட்டி வைத்து, வெங்காய மூட்டை, தேங்காய், பூசணி ஆகியவற்றைப் பின்னால் வைக்கலாம். மல்லிகை போன்ற பூவுக்குக் குலுக்கலை விட வெயிலும் காற்றோட்டமின்மையுமே பகை; அதற்கு நிழலும் ஈரத் துணியும் முக்கியம்.

பெட்டி நிரப்புதல்: 14, 15 கிலோ பிளாஸ்டிக் பெட்டியில் விளிம்புக்குச் சற்றுக் கீழ் வரை நிரப்ப வேண்டும். கூம்பாகக் குவித்தால் மேல் பெட்டி நசுக்கும். பெட்டியில் பாதி மட்டும் நிரப்பினால் பழம் உருண்டு மோதும். அடியிலும் மேலும் உலர்ந்த வைக்கோலோ பழைய செய்தித்தாளோ இடலாம். பெட்டிகளுக்கிடையே இடைவெளி விடாமல் அடுக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். தளர்ந்த அடுக்கு ஒவ்வொரு பள்ளத்திலும் தனியாகக் குதிக்கும்.

பறிக்கும் பருவம்: தூரத்து மார்க்கெட்டுக்கு அனுப்பும் தக்காளியை நிறம் மாறத் தொடங்கும் பருவத்தில் பறிக்க வேண்டும். நன்கு சிவந்த பழம் உள்ளூர் விற்பனைக்கே ஏற்றது.

ஷாக் அப்சார்பரைச் சோதிப்பது எப்படி?

மெக்கானிக்கிடம் போகுமுன் விவசாயி தாமே சில சோதனைகளைச் செய்யலாம்.

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுக் கீழே பார்க்க வேண்டும். குழாயின் மேல் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் அது கசிந்துவிட்டது. மெல்லிய ஈரப் படலம் மட்டும் இருந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை, கண்காணித்தால் போதும்.

2. முன்பக்க மூலை ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து பலமாக அழுத்திவிட வேண்டும். வண்டி எழும்பி, ஒரு முறை தாழ்ந்து நின்றுவிட்டால் நல்லது. இரண்டு, மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. பின்பக்கப் பட்டை விறைப்பானது என்பதால் இச்சோதனை அங்கே சரியாகத் தெரியாது.

3. மேடுபள்ளமான சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டியபின் நான்கு ஷாக் அப்சார்பர்களையும் கையால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். வேலை செய்வது சூடாக இருக்கும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. புகைபோக்கிக் குழாயின் அருகே கை படாமல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

4. டயரின் மேல் விட்டு விட்டுக் குழி போலத் தேய்ந்திருந்தால் சக்கரம் சாலையில் ஒட்டாமல் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது என்று பொருள்.

5. இரு முனைகளிலும் உள்ள ரப்பர் புஷ் நைந்து, கடகட என்ற ஓசை வந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம்.

இத்துடன் பட்டையில் உடைவு உள்ளதா, யூ போல்ட் தளர்ந்துள்ளதா, பட்டையின் முனையில் உள்ள ஷாக்கிள் துருவேறி இறுகியுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். யூ போல்ட் தளர்ந்தால் நடு போல்ட் முறிந்து அச்சே நகர்ந்துவிடக்கூடும். பட்டைகளுக்கிடையே பிளாஸ்டிக் அல்லது ரப்பர் அட்டை வைத்த வண்டிகளில் கிரீஸ் தடவக் கூடாது. மற்றவற்றில் கையேட்டில் கூறியபடி சுத்தம் செய்து கிரீஸ் இடலாம். சேற்று வயலில் ஓடிய வண்டியின் பட்டையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் பயன் தரும்.

ஷாக் அப்சார்பர் கெட்டால் சேதம் காய்கறியோடு நிற்பதில்லை. சக்கரம் சாலையை விட்டு எழும்பும் நேரத்தில் பிரேக் பிடிக்காது. வளைவில் வண்டி ஒதுங்கும். ஓட்டுபவரின் இடுப்புக்கும் முதுகுக்கும் கேடு. உட்கார்ந்திருக்கும் மனித உடல், விநாடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான மேல்கீழ் அதிர்வுக்கே மிகவும் நலிகிறது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதியதும் ஒன்று பழையதுமாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அந்த வண்டிக்கு உரிய நீளமும் துளை அளவும் கொண்டதையே வாங்க வேண்டும். நீளம் குறைந்தால் பட்டை தாழும்போது இழுபட்டு அறுந்துவிடும். நீளம் கூடினால் மேட்டில் அடிமுட்டும்.

சாதாரண எண்ணெய் வகையுடன், நைட்ரஜன் வாயு நிரப்பிய வகையும் கடைகளில் கிடைக்கிறது. இடைவிடாத மேடுபள்ளத்தில் ஓடும்போது சாதாரண வகையில் எண்ணெய் காற்றுடன் கலந்து நுரைத்துவிடும். நுரைத்த எண்ணெய் ஆட்டத்தை அடக்காது. வாயு நிரப்பிய வகையில் அந்த அழுத்தம் நுரைப்பதைத் தடுக்கிறது. மோசமான சாலையில் தினமும் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு இது பொருத்தமானது. வாரத்தில் இரண்டு நாள் முப்பது கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, வண்டியுடன் வந்த சாதாரண வகையே புதிதாகப் போட்டால் போதும்.

மிகவும் கெட்டியான ஷாக் அப்சார்பர் நல்லது என்பதும் தவறான எண்ணமே. அளவுக்கு மீறிக் கெட்டியானது பட்டையை வளையவிடாது. சிறு கல்லின் உதையும் நேராகத் தட்டுக்கு வரும். எண்ணெய் மாற்றிச் செப்பனிட்டு விற்கும் பழைய ஷாக் அப்சார்பர் மலிவாகக் கிடைத்தாலும் அதன் ஆயுளுக்கு உறுதியில்லை. ரசீதுடன் புதியதை வாங்குவதே சிக்கனம்.

பொருத்துமுன் ஷாக் அப்சார்பரை நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை இழுத்து அமுக்கினால் உள்ளே உள்ள காற்று வெளியேறி எண்ணெய் சீராகும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை, வண்டி தன் சக்கரங்களின் மேல் பாரமாக நிற்கும்போதே கடைசியாக முறுக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கிய நிலையில் முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு விரைவில் கிழியும். பட்டை வேலை செய்திருந்தால் சில நூறு கி.மீ. ஓடியபின் யூ போல்ட்டை மறுபடியும் முறுக்குவது அவசியம்.

கூடுதல் பட்டை வேண்டாம்

வண்டி பின்னால் தாழ்கிறது என்றால் பட்டறையில் இரண்டு பட்டை கூட்டிக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. பட்டை கூடினால் அரைப் பாரத்தில் வண்டி முன்னிலும் விறைப்பாகும், குலுக்கல் கூடும். தட்டு உயர்வதால் பழைய ஷாக் அப்சார்பர் எப்போதும் முழு நீளத்துக்கு இழுபட்டு நின்று சீக்கிரம் கெடும். பட்டை தாங்கினாலும் அச்சு, பிரேக், டயர், சேஸிஸ் ஆகியவை பழைய பாரத்துக்கே செய்யப்பட்டவை.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. பட்டையைக் கூட்டுவதால் பதிவுச் சான்றில் உள்ள எடை கூடுவதில்லை. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. அதிக பாரத்துக்கு 194-ஆம் பிரிவில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி ரூ.20,000 அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் விதிக்கலாம். பட்டை நிமிர்ந்து தளர்ந்திருந்தால் அதே அளவுள்ள புதிய பட்டையை மாற்றுவதே சரியான வழி. பறிப்பு ஆட்களைத் தட்டில் ஏற்றிச் செல்வதையும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். பெட்டி எழும்பும் தட்டில் மனிதரும் எழும்புவார்.

வாடகை வண்டியில் அனுப்புவோர்

சொந்த வண்டி இல்லாத விவசாயிகளே அதிகம். அவர்கள் வாடகை பேசும்போதே டயரையும் ஷாக் அப்சார்பரையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். தங்கள் பெட்டிகளைக் கேபினை ஒட்டி வைக்கக் கேட்டுக்கொள்ளலாம். பெட்டி அடுக்கும்போது உடனிருந்து கயிறு கட்டும் வரை பார்ப்பது நல்லது. மோசமான சாலைப் பகுதியில் வேகத்தைக் குறைத்து ஓட்டும் ஓட்டுநருக்கு ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

செலவும் வரவும்

ஷாக் அப்சார்பர் மாற்றுவது லாபமா என்பதை ஒவ்வொருவரும் தம் கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஒரு நடைக்கு 15 கிலோ வீதம் 40 பெட்டி ஏற்றுவதாகக் கொள்வோம். பெட்டிக்கு 1 கிலோ அடிபட்டால் 40 கிலோ. நல்ல பழத்துக்கும் அடிபட்ட பழத்துக்கும் கிலோவுக்கு 15 ரூபாய் வித்தியாசம் என்றால் நடைக்கு 600 ரூபாய் போகிறது. ஒரு பருவத்தில் 25 நடை என்றால் 15,000 ரூபாய். இதில் பாதியைத் தடுத்தாலும் 7,500 ரூபாய் மிஞ்சும். தம் வண்டிக்குரிய ஒரு ஜோடியின் விலையையும் பொருத்தும் கூலியையும் விசாரித்து இதனுடன் ஒப்பிட வேண்டும்.

உண்மையான சேத அளவைத் தெரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை உண்டு. ஒரே நாளில் பறித்த, ஒரே பருவத்துப் பழத்தை இரண்டு பெட்டிகளில் எடைபோட்டு நிரப்ப வேண்டும். ஒன்றைக் கேபினை ஒட்டியும் மற்றொன்றைத் தட்டின் கடைசியிலும் வைத்து அனுப்ப வேண்டும். மார்க்கெட்டில் அவற்றை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு நாள் நிழலில் வைத்து, அடிபட்ட பழங்களை எடைபோட்டால் இடத்தின் வேறுபாடு தெரியும். ஷாக் அப்சார்பர் மாற்றுவதற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் இதைச் செய்தால் செலவழித்த பணத்தின் பலனும் தெரியும். இரண்டு பெட்டித் தக்காளி வீட்டுச் சமையலுக்கு ஆகும்.

ஏறத்தாழ 20,000 கி.மீ.க்கு ஒருமுறை ஷாக் அப்சார்பரையும் பட்டையையும் பரிசோதிப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். டயர் காற்றை வாரம் ஒருமுறை பார்ப்பது போதும். பெட்டி நிரப்புதல், பறிக்கும் பருவம், தரம் பிரித்தல் ஆகியவற்றில் ஐயமுள்ளவர்கள் மதுரை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் ஆலோசனை பெறலாம். வரும் தக்காளிப் பருவத்துக்கு முன்பே, வண்டி ஓய்வாக நிற்கும் நாளில் இவ்வேலைகளை முடித்து வைத்துக்கொண்டால் பறிப்பு மும்முரத்தில் வண்டி பட்டறையில் நிற்க வேண்டியிராது.